உன் இடது கீழ் ரெக்கை

அன்புள்ள பாபு,

உன் ஏரோப்ளேன் பெட்டியைப் பரண்ல இருந்து இறக்கிட்டேன். உன்னைக் கேட்காம இறக்கினது தப்புதான். போன்லயே சொல்லிடலாம்னு மூணு ஞாயிறு பார்த்தேன். நீ பேசுற பத்து நிமிஷத்துல ஒன்பது நிமிஷம் போன் உங்கம்மா கையில இருக்கு. மிச்சம் இருக்கிற ஒரு நிமிஷத்துல "சாப்டியா, சளி போச்சா"வைத் தாண்டி எனக்கு வாய் வரல. அதான் எழுதுறேன்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப ஓட்டேரி நல்லா கால்வாய் ரொம்பி, நம்ம தெருவுக்குள்ள தண்ணி முட்டி அளவு ஏறுச்சுன்னு சொன்னேன் இல்ல. அப்ப அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. வாசப்படியைத் தண்ணி தாண்டினதும் நான் முதல்ல தூக்கினது அதைத்தான். ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. அதைப் பரண்ல ஏத்திட்டுத் திரும்புறதுக்குள்ள அரிசி மூட்டை நனைஞ்சு போச்சு. அம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டுறா.

போன ஆடியிலதான் பிரிச்சேன். பன்னெண்டு வருஷத்துல மரத்துக்கு ஒண்ணும் ஆகல. பால்சா ஷீட் எல்லாம் கட்டு கட்டா நீ வெச்சபடியே இருக்கு. சூப்பர் க்ளூ ட்யூப் கல்லாயிடுச்சு. எபாக்ஸி பசை தேன் நிறத்துக்கு மாறியிருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன். பிளான் காகிதத்தைத்தான் ராமபாணப் பூச்சி மடிப்பு மடிப்பா மேஞ்சிருக்கு. வால் பக்கம் ஒரு மூலையையே காணோம். அந்தப் பிளானைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

விரிச்சுப் பார்த்தப்பதான் சைஸே புரிஞ்சுது. நீ கட்ட ஆரம்பிச்ச மாடல், டைகர் மாத்ங்கிற ரெட்டை ரெக்கை ப்ளேனோடது. நிஜ டைகர் மாத்துக்கு ரெக்கை இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் 29 அடி 4 அங்குலம். இது அதுல கால் வாசி, 88 அங்குலம். நம்ம ஹால் சுவத்துக்குச் சுவர் பத்தடி. அதுவும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு, ரெண்டு அடுக்கு. கட்டுறதுக்குத் தட்டையான பலகை வேணுமே. மேல் வீட்டுக்காரர் ரிப்பேர் வேலை பண்ணப்ப கழட்டின ஃப்ளஷ் டோர் ஒண்ணு மொட்டை மாடியில சும்மா சாத்தி வெச்சிருந்துச்சு, கேட்டு வாங்கினேன். மட்டப்பலகை வெச்சுப் பார்த்தா நடுவுல அரை நூல் பள்ளம். அடியில தினத்தந்தியை மடிச்சுக் குடுத்துச் சரி பண்ணேன். "டிவிக்கு முன்னாடி பொணத்தைக் கிடத்தின மாதிரி கதவைக் கிடத்தி வெச்சிருக்கார்"னு உங்கம்மா பக்கத்து வீட்ல போய்ச் சொல்லியிருக்கா.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஃபேக்டரி ஷெல் ஷாப்ல முப்பத்தாறு வருஷம் இரும்போட மல்லுக்கட்டின கைடா இது. பால்சா தேக்கோட எடையில கால் வாசிதான் இருக்கும், கையில எடுத்தா எடுத்த மாதிரியே தெரியல. முதல் நாளே ரெக்கைக்கு எலும்பு மாதிரி வர்ற ரிப் ரெண்டை ஒடிச்சேன். நகம் பட்டாலே பள்ளம் விழுது. ஒரு நாள் டீ டம்ளரை ஒரு பள்ளத்து மேல வெச்சுட்டேன். பதறி எடுத்தா, ஈரம் பட்ட இடம் தானா உப்பி மட்டத்துக்கு வந்திருக்கு. இப்ப பள்ளம் விழுந்தா ஒரு சொட்டுத் தண்ணிதான் வைத்தியம். இது உனக்கு முன்னாடியே தெரியும்னு நினைக்கிறேன்.

அந்த ப்ளேனைப் பத்தியும் கொஞ்சம் படிச்சேன். முதல் டைகர் மாத் பறந்தது 1931 அக்டோபர்ல. அதுக்கு முந்தின மாடல்ல முன் சீட்டுல உக்கார்ற வாத்தியார் பாராசூட்டோட வெளிய குதிக்க முடியாதபடி மேல் ரெக்கை தலைக்கு மேலயே இருந்துச்சாம். அதை முன்னாடி நகர்த்தினாங்க. நகர்த்தினதும் ப்ளேனோட பேலன்ஸ் கெட்டுப் போச்சு. அதைச் சரி பண்ண ரெக்கைகளைப் பின்பக்கமா சாய்ச்சு வெச்சாங்க. மேல இருந்து பார்த்தா அம்பு முனை மாதிரி தெரியுதே, அது அழகுக்கு இல்ல. ப்ளேனைச் சாய்க்கிற மடல் இருக்கே, ஐலரான், அதுவும் கீழ் ரெக்கையில மட்டும்தான். அதனால அதை அசைக்க ரெக்கைக்கு மொத்தமே ரெண்டு சர்வோ மோட்டார் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் சர்வோவுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கினேன். கடைப் பையன் "ட்ரோனா அங்கிள்?"னு கேட்டான். இல்லப்பா, ரெட்டை ரெக்கைன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

இன்னொண்ணு. 1910-லயே மவுன்ட் ரோடுல ஹோட்டல் நடத்தின டி ஏஞ்சலிஸ்னு ஒருத்தர், சிம்சன் கம்பெனியில ஒரு ப்ளேனைச் செய்ய வெச்சுத் தீவுத்திடல்ல பறந்து காட்டியிருக்கார். சிம்சன் அப்ப சாரட்டும் மோட்டார் பாடியும் கட்டின கம்பெனி. ஆக இந்த ஊர்ல முதல் ப்ளேனைக் கட்டினது வண்டி கட்டுற ஆளுங்கதான். ஐ.சி.எஃப். காரன் கட்டுறதுல ஒண்ணும் அதிசயம் இல்லன்னு அம்மாகிட்ட சொன்னேன். "அவங்க கட்டினது பறந்துச்சு"ன்னா.

சாயந்திரம் ஆனா தெருப் பசங்க ஜன்னல்ல தொத்திக்கிறானுங்க. மாஞ்சாவுக்குப் போலீஸ் தடை வந்ததுல இருந்து காத்தாடி விடுறவன் ரொம்பக் குறைஞ்சுட்டான். ஆனாலும் ஒருத்தனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. ப்ளேனோட உடம்பை, ஃப்யூஸ்லேஜைத் தூக்கி விரல் மேல நிறுத்திப் பார்த்துக்கிட்டு இருந்தேன். "இன்னா தாத்தா, சூத்திரம் போடறியா?"ன்னு கேட்டான். சரியாத்தான் கேட்டான். காத்தாடியில நூல் கட்டுற சூத்திரம் ஒரு விரக்கடை தள்ளிப் போனா அது குத்திக்கிட்டு விழுமே, அதே கணக்குதான் இதுக்கும். இந்த மாடலுக்கு மூக்கு குட்டை, வால் நீளம். மோட்டார் வெச்சும் பின்பாரம் தட்டுது. மூக்குல ஈயக்குண்டு வெக்கணும். எல்லாம் சேர்த்து எட்டு கிலோ பக்கம் வந்துடும்.

சரி. பிளான் விஷயத்துக்கு வரேன். இதை எழுதத்தான் பேப்பரே எடுத்தேன். டைகர் மாத்ல ஆரம்பிச்சு டி ஏஞ்சலிஸ் வரைக்கும் சுத்திட்டு வந்திருக்கேன்னு உனக்கே புரிஞ்சிருக்கும்.

நீ குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில ரெண்டாவது வருஷம் படிச்சப்ப, 2012-ல, இடது கீழ் ரெக்கையைச் சாப்பாட்டு மேஜை மேல குண்டூசி குத்தி வெச்சுட்டுப் பரீட்சைக்கு ஹாஸ்டலுக்குப் போயிட்ட. மேல் ஷீட் மட்டும் பாக்கி. நான் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து பார்த்தேன். ரெக்கை நுனியில பின் விளிம்பு பலகையை விட்டு ரெண்டு நூல் தூக்கியிருந்துச்சு. அடியில ஒரு சின்ன மரத்துண்டு சிக்கிக் கிடந்துச்சு. அவசரக்குடுக்கை, துண்டு மாட்டினது கூடத் தெரியாம ஒட்டி வெச்சிருக்கான்னு நினைச்சேன். அந்தத் துண்டை உருவிப் போட்டேன். ஈரத்துணி போர்த்தி, மேல அம்மாவோட குழவிக்கல்லை வெச்சேன். மறுநாள் நேராயிடுச்சு. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. ஃபெவிகால் தடவி மேல் ஷீட்டையும் நானே ஒட்டி மூடிட்டேன்.

சனிக்கிழமை நீ வந்தப்ப சித்தப்பா வேற இருந்தார். "பாத்தியா, கோணலா விட்டுட்டுப் போனதை நைனா எப்படி நேராக்கி வெச்சிருக்கேன்"னு அவர் எதிர்லயே சொன்னேன். நீ ரெக்கையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி நீளவாக்குல பார்த்த. விளிம்புல விரலை ஓட்டின. "சரி நைனா"ன்ன. அன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் பெட்டியில போட்டுக் கட்டிட்ட. படிப்பு அதிகம்னு சொன்ன, நானும் நம்பினேன்.

இப்ப வலது கீழ் ரெக்கைக்காகப் பிளானைப் பலகையில விரிச்சப்ப, நுனி ரிப் பக்கத்துல குட்டி எழுத்துல ஒரு வரி. பின் விளிம்புக்கு அடியில கால் அங்குல ஆப்பு வெச்சுக் கட்டணும்னு இருக்கு. கால் அங்குலம்னா ரெண்டு நூல். அந்த வரியைச் சுத்திப் பென்சில்ல ஒரு வட்டம். பக்கத்துல உன் கையெழுத்துல, 'மறக்காதே'. ராமபாணம் அந்த இடத்தை மட்டும் தொடல.

அப்புறம் அது எதுக்குன்னு தேடிப் படிச்சேன். வேகம் குறைஞ்சு, மூக்கைத் தூக்கி இறங்குறப்ப ஒரு கட்டத்துக்கு மேல ரெக்கை காத்தைப் பிடிக்காம விட்டுடும். நுனி முதல்ல விட்டா அந்தப் பக்கமா சாய்ஞ்சு விழுந்துடும். நுனியோட பின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி வெச்சா, நுனி லேசாத் தலை குனிஞ்ச மாதிரி இருக்கும். அப்ப உடம்பை ஒட்டின பக்கம் முதல்ல விடும், நுனி கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஐலரான் இருக்கிறதும் நுனிப் பக்கம்தானே. அந்தத் தரையோரத்து நேரத்துல ப்ளேனைக் காப்பாத்துறதே அந்த ரெண்டு நூல்தான். நீ சிக்க விட்ட துண்டு இல்ல அது. அளந்து சீவி வெச்ச ஆப்பு.

இது எனக்குத் தெரியாம போனதுதான் வயிறு எரியுது. ரயில் கோச்சுக்கு அடிச்சட்டம், அண்டர்ஃப்ரேம் கட்டுறப்ப நாங்க நடுவுல மேல் நோக்கி வளைச்சுத்தான் கட்டுவோம். கேம்பர்னு சொல்லுவோம். பாரம் ஏறினதும் அது இறங்கி நேராகும். நேரா கட்டினா பாரத்துல தொங்கிடும். புதுசா வர்ற அப்ரன்டிஸ் பையன் "அண்ணே, வளைஞ்சிருக்கே"ம்பான். நாங்க சிரிப்போம். முப்பத்தாறு வருஷம் அப்படிச் சிரிச்சவன், வீட்டு மேஜையில இருந்ததைப் பார்த்து 'இது ஏன் இப்படி'ன்னு உன்னை ஒரு வார்த்தை கேட்கல.

அதை விடப் பெரிசு ஒண்ணு இருக்கு. அப்புறம் எத்தனை வருஷம், எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன், "அவன் எதையும் எடுத்தா முடிக்க மாட்டான், கட்டிலுக்கு அடியில பாருங்க பாதி ஏரோப்ளேன்"னு. உன் கல்யாணத்துல உன் மாமனார்கிட்ட கூடச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். நீ பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்த. மாமனாருக்குத் தனியா போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிட்டேன். அவர் "அதுக்கென்ன சம்பந்தி, இப்ப போய்"னார். சித்தப்பாகிட்ட நேர்ல போய்ச் சொன்னேன். அவருக்கு அந்தச் சனிக்கிழமையே ஞாபகம் இல்ல. எனக்கு இருக்குடா. உனக்கும் இருக்கும். என் மேல தப்பு.

அந்த ரெக்கையைத் திறந்துட்டேன். ஷேவிங் பிளேடை இடுக்கியில பிடிச்சு, ஒவ்வொரு ரிப்பு மேலயும் ஷீட்டை உரிச்சேன். நல்லவேளை ஃபெவிகாலா போச்சு, சூடு காட்டினா இளகுது. உன் பழைய அயர்ன் பாக்ஸ் ஓரத்தை வெச்சு வெச்சு எடுத்தேன், மூணு சாயந்திரம். ரெண்டு ரிப்புல மேல் விளிம்பு பிஞ்சு வந்துடுச்சு, சில்லு வெட்டி ஒட்டினேன். ஷீட்டைப் பூராவும் எடுத்தும் ரெக்கை பழையபடி முறுக்கல. கல்லுக்கு அடியில பழகின மாதிரி தட்டையாவே கிடந்துச்சு. புதுசா ஆப்பு சீவினேன். வெர்னியர்ல அளந்தேன், சரியா ரெண்டு நூல். அதை வெச்சு, குண்டூசி குத்தி, புது ஷீட் ஒட்டி, நாலு நாள் தொடல.

எடுத்துப் பார்த்தா வலது ரெக்கையில ரெண்டு நூல் சுத்தமா நிக்குது. இடதுல ஒண்ணே முக்கால். கால் நூல் பின்வாங்கிடுச்சு.

இன்னொரு தடவை பிரிச்சா ரிப் தாங்காது. மேல துணி கவர் ஒட்டுறப்ப, ரெக்கையை முறுக்கிப் பிடிச்சுக்கிட்டே சூடு காட்டினா, கவர் இறுகி அந்த முறுக்கை அப்படியே பிடிச்சு வெச்சுக்குமாம். கால் நூல்தானே, வந்துடும். ஆனா அதுக்கு நாலு கை வேணும். ஒருத்தர் முறுக்கிப் பிடிக்கணும், ஒருத்தர் அயர்ன் ஓட்டணும். உங்கம்மாவைக் கேட்டேன், "நான் பிடிச்சு ஒடிஞ்சா அதுக்கும் பன்னெண்டு வருஷம் கதை சொல்லுவீங்க"ன்னுட்டா. நீ பிடி, நான் அயர்ன் ஓட்டுறேன். எவ்வளவு முறுக்கணும்னு நீதான் சொல்லணும்.

ரெண்டு அடுக்குக்கும் நடுவுல வர்ற கம்பி எல்லாம் தயார். சவுக்கார்பேட்டையில ஸ்டீல் கம்பி வாங்கினேன், அதை இறுக்குற டர்ன்பக்கிள் நானே கடைஞ்சேன். வந்தா அதையும் பாரு. எங்க பறக்க விடுறதுங்கிறதை நீயே முடிவு பண்ணு. 25 கிலோவுக்குள்ள இருக்கிற மாடலுக்கு விதியில சலுகை இருக்குன்னாலும், டிஜிட்டல் ஸ்கைன்னு கவர்மென்ட்டோட ட்ரோன் மேப் இருக்கே, அதுல பச்சையா இருக்கிற இடமா பார்த்துக்கோ. இந்த வயசுல போலீஸ் ஸ்டேஷன் படி ஏற நான் தயாரா இல்ல.

பொங்கலுக்கு லீவு கிடைக்கலன்னா பரவாயில்ல, வேட்டி போர்த்தி மேஜை மேலயே வெச்சிருக்கேன். குழவிக்கல்லு சமையல்கட்டுல இருக்கு. வரும்போது எபாக்ஸி எல்லாம் வாங்கிட்டு வராதே, ஏர்போர்ட்ல பிடுங்கிப்பான். இங்க பாரிஸ் கார்னர்லயே கிடைக்குது.

நைனா