பேத்தியின் தலை அளவை எழுதி அனுப்பு

மெல்பேர்ண்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்து மறுபடி சைக்கிளில் ஏறிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. பேத்திக்குப் புது லுமாலா சைக்கிள் வாங்கிக் கொடுத்ததும், அவள் பலாலி வீதியால் டியூசனுக்குப் போய்வருவதும் அறிந்தேன். "இங்கே ஒருவரும் போடுவதில்லை, இவளுக்கு ஹெல்மெட் தேவையா?" என்று கேட்டிருந்தாய். தேவை மச்சான்.

சித்திரையில் நான் விழுந்ததை உனக்கு எழுதவில்லை. பயப்படுவாய் என்று விட்டுவிட்டேன். இங்கே சிட்னி வீதி என்று ஒன்று, நடுவில் டிராம் ஓடும். அன்று தூறல். நிறுத்தியிருந்த காரின் கதவு திடீரென்று திறந்தது. வெட்டித் திருப்பினேன், முன்சில்லு தண்டவாளப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. வேகமே இல்லை, நாங்கள் நல்லூரடியில் கதைத்துக் கதைத்து ஓடுவோமே, அந்த வேகம்தான். தோள் தரையில் அடித்தது, உடனே காதுக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் வெளி ஓட்டில் ஒரு கீறல் மட்டும். உள்ளே இருந்த ரெஜிபோம், அதுதான் அந்த வெள்ளை நுரை அட்டை, விரல் நீளத்துக்கு வெடித்து, ஓரிடம் அமுங்கிச் சப்பையாகக் கிடந்தது. மனுசி அதைக் கையால் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். தான் நசுங்கித் தலைக்கு வரும் அடியைக் குறைப்பதுதான் அதன் வேலை. அதனால் ஒருமுறை அடிபட்டதை மறுபடி போடக் கூடாது. புதிது வாங்கிவிட்டேன்.

பஸ் வேகமாக வந்து இடித்தால் ஹெல்மெட் காப்பாற்றும் என்று சொல்லமாட்டேன். ஐரோப்பியத் தரச் சோதனையில் அதைத் தட்டை இரும்பில் மோதவிடுவது மணிக்கு 20 கிலோமீற்றர் அளவு வேகத்தில்தான். ஆனால் நான் விழுந்ததும் அப்படி ஒரு விழுகைதானே? 2016இல் சிட்னி ஆய்வாளர்கள் இருவர் 40 ஆய்வுகளைத் திரட்டி, காயப்பட்ட 64,000க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் விவரத்தைப் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. கடுமையான காயத்தில் வித்தியாசம் இன்னும் கூட.

"அந்தக் காலத்தில் யார் போட்டோம்?" என்று நீ கேட்பாய். நானும் 1997இல் இங்கே வந்த புதிதில் அப்படித்தான் கோபப்பட்டேன். சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லாரும் ஹெல்மெட் போடவேண்டும் என்று உலகில் முதலில் சட்டம் போட்டது இந்த விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை 1இல். யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது பாரில் தங்கச்சி, கரியரில் மண்ணெண்ணெய்க் கான் என்று ஓடிய எனக்கு எதற்கு இது என்று நினைத்தேன். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நீ பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்போமே, ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் யோசித்துப் பார், அப்போது பெற்றோல் இல்லை, வீதியில் வாகனமும் இல்லை. யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளுக்கே சொந்தமாக இருந்தது. நெதர்லாந்தில் இன்றைக்கும் பெரும்பாலானோர் வெறுந்தலையோடு ஓடுகிறார்கள் என்றால், அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதை இருக்கிறது. பலாலி வீதியில் உன் பேத்திக்குப் பக்கத்தில் போவது டிப்பரும் மினி பஸ்ஸும். அவளுக்கு முதலில் வேண்டியது அந்தத் தனிப் பாதைதான். அது வரும்வரைக்கும் தலையையாவது காப்பாற்றுவோம்.

அதற்காக அங்கேயும் சட்டம் போடு என்று சொல்லமாட்டேன். இங்கே தண்டம் 200 டொலருக்கும் மேல். சட்டம் வந்தபின் சைக்கிள் ஓட்டும் பதின்வயதுப் பிள்ளைகள் நன்றாகக் குறைந்துபோனார்கள். விடியற்காலையில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு போகும் மனிசனை மறித்துத் தண்டம் எழுதுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சட்டம் வேறு, உன் வீட்டுப் பிள்ளை வேறு.

வெக்கை என்பாள், பின்னல் குழம்பும் என்பாள். காற்றுத் துளை நிறைய உள்ளதாகப் பார்க்கிறேன். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நேராக இருக்கவேண்டும். பின்னால் தள்ளிப் போட்டால் நெற்றி திறந்து கிடக்கும். நாடியின் கீழ் வாரில் ஒரு விரல் நுழைந்தால் போதும்.

தையல் நாடாவால் நெற்றியைச் சுற்றி அளந்து, சென்ரிமீற்றரில் எழுதி அனுப்பு. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றும் கேள். அப்புறம், உன் தலையையும் அளந்து எழுது.

அன்புடன்,
உன் மெல்பேர்ண் மச்சான்