தமிழ்99 விசைப்பலகையை ஆறாம் வகுப்பிலேயே கற்றுக்கொடுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறையினர்,
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பாடத்திட்டக் குழுவினர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் நூல்களை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவள். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் கணினியில் தமிழ் தட்டச்சு செய்கிறேன். பதினான்கு ஆண்டுகள் ஆங்கில எழுத்து வழியாகவே தமிழைத் தட்டிவந்த நான், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். அந்த மாற்றம் என் கைகளுக்கும் என் எழுத்துக்கும் செய்த நன்மையை இளவயதிலேயே பெற்றிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நம் அரசுப் பள்ளிகளில் இப்போது படிக்கும் பிள்ளைகளுக்காவது அது வாய்க்க வேண்டும் என்ற விருப்பத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் அறிஞர்களும் மென்பொருள் வல்லுநர்களும் கூடி விவாதித்து ஒரு விசைப்பலகை அமைப்பைப் பரிந்துரைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு அதைத் தரமாக அறிவித்தது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ், ஐபோன் ஆகிய எல்லாவற்றிலும் தமிழ்99 கிடைக்கிறது. கட்டணமில்லை. பல கருவிகளில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதுகூட இல்லை, அமைப்புகளுக்குள் சென்று தேர்ந்தெடுத்தாலே போதும். அரசு அறிவித்த தரம் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. கருவிகளைச் செய்யும் பன்னாட்டு நிறுவனங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனாலும் என் தெருவில் உள்ள பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட அதன் பெயர் தெரியவில்லை.

இந்த அமைப்பு எதனால் நல்லது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிலும் பலர் இதில் தட்டிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதே காரணம்.

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. உயிரெழுத்துகள் அனைத்தும் இடக்கையில் இருக்கின்றன. வகரமும் ஙகரமும் தவிர மற்ற மெய்கள் எல்லாம் வலக்கையில் இருக்கின்றன. விரல்கள் இயல்பாக ஊன்றியிருக்கும் நடுவரிசையில் இடப்புறம் அ, இ, உ, எ ஆகிய குறில்களும், வலப்புறம் க, ப, ம, த, ந, ய ஆகியவையும் உள்ளன. அ, இ, உ, எ என்ற நான்கு குறில்களுக்கும் நேர் மேலே அவற்றின் நெடில்களான ஆ, ஈ, ஊ, ஏ அமர்ந்திருக்கின்றன. குறிலும் நெடிலும் தெரிந்த பிள்ளைக்கு விசைப்பலகையின் இடப்பாதி ஏற்கெனவே பாதி தெரிந்ததுதான். ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் ஷிப்ட் விசையைத் தொட வேண்டும்.

மெய்யெழுத்து விசையைத் தட்டினால் அகரமேறிய எழுத்து வரும். அதன்பின் இடக்கையால் ஓர் உயிரைத் தட்டினால் உயிர்மெய் ஆகும். இடக்கைச் சுட்டுவிரலின் அடியில் உள்ள ஆய்த விசையைத் தட்டினால் புள்ளி விழும். ஆகவே வலக்கை, இடக்கை, வலக்கை, இடக்கை என்று கைகள் மாறி மாறி இயங்குகின்றன. ஒரு கை தட்டும்போது மறு கை அடுத்த விசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விரல் நோகாமல் வேகம் கூடுவதற்கு இதைவிடப் பெரிய இரகசியம் எதுவும் இல்லை.

இந்த அமைப்பில் நான் மிகவும் வியப்பது புள்ளி தானாக விழும் முறையைத்தான். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது புள்ளி பெறும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அவ்வாறே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இவை இனவெழுத்துகள் என்று தமிழாசிரியர் வகுப்பில் சொல்லித்தரும் அதே ஆறு இணைகள். இலக்கணப் பாடத்தில் மனப்பாடம் செய்வது இங்கே விரலில் பயனாகிறது. 'வணக்கம்' என்பதற்கு ஆறு தட்டல்கள் போதும். ஆங்கில எழுத்து வழியில் எட்டு எழுத்துகளும் ணகரத்துக்காக ஒரு ஷிப்ட்டும் வேண்டும். 'கொண்டிருந்தார்கள்' என்ற சொல்லை நாம் எத்தனை முறை எழுதுகிறோம்! தமிழ்99இல் அதற்குப் பதினைந்து தட்டல்கள். ஆங்கில எழுத்து வழியில் பதினாறு எழுத்துகளும் இரண்டு ஷிப்ட்டும். 'பந்து' நான்கில் முடியும், அங்கே ஆறு. 'தமிழ்' என்ற சொல்லில் இரண்டும் சமமாகக்கூட வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லுக்கு ஒன்றிரண்டு தட்டல்கள் குறைவது சிறிதாகத் தோன்றும். முந்நூறு பக்க நூலைத் தட்டி முடித்த மணிக்கட்டுக்கு அது சிறிதன்று.

எனினும் என் முதன்மையான கவலை வேகத்தைப் பற்றியதன்று. ஆங்கில எழுத்து வழியில் பழகும் பிள்ளை ந, ன, ண மூன்றையும் ஒரே ஆங்கில எழுத்தின் பல வேடங்களாகக் காண்கிறது. ல, ள, ழ நிலையும் ர, ற நிலையும் அப்படித்தான். மென்பொருள் ஊகித்துத் தரும் சொற்பட்டியலில் முதலில் நிற்பதைத் தொட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. தமிழ்99இல் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. 'பள்ளி' என்ற சொல்லின் ளகரத்துக்கு வலக்கைச் சுட்டுவிரல் மேலே போக வேண்டும், 'பல்லி' என்பதன் லகரத்துக்கு அதே விரல் கீழே இறங்க வேண்டும், 'பழம்' என்பதன் ழகரத்துக்குச் சுண்டுவிரல் ஓரத்துக்குச் செல்ல வேண்டும். எழுத்துப்பிழையைக் கண் கண்டுபிடிப்பதற்கு முன்பே கை கண்டுகொள்கிறது. நான் மாறிய பிறகு என் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்கும் மெய்ப்புத் திருத்துநர் லகர, ளகரப் பிழைகள் குறைந்துவிட்டதாகத் தாமாகவே சொன்னார். விசைப்பலகை மாறியது அவருக்குத் தெரியாது.

மாறுவது எளிதாக இருந்தது என்று நான் சொன்னால் அது உண்மையாகாது. முதல் நாள் ஒரு பக்கம் தட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 'நதி' என்று தட்டினால் திரையில் 'ந்தி' என்று வந்து நின்றது, நகரத்தையும் தகரத்தையும் அடுத்தடுத்துக் கண்டதும் மென்பொருள் புள்ளி வைத்துவிடுவதால். இடையில் ஓர் அகரத்தைத் தட்டிப் பிரிக்க வேண்டும் என்று அறிந்துகொள்ள இரண்டு நாள் பிடித்தது. சொல்லித்தர அருகில் ஒருவர் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். மூன்றாம் வாரத்தில் விசைகளைப் பார்க்காமல் தட்ட வந்தது. இரண்டாம் மாத இறுதியில்தான் பழைய வேகத்தை எட்டினேன். அந்த இரண்டு மாதங்களில் வருமானம் குறைந்தது. நாற்பது வயதில், பதினான்கு ஆண்டுப் பழக்கத்தை அழித்துவிட்டு மேலே எழுதுவதற்கு நான் கொடுத்த விலை அது. என் அக்காள் மகள் ஏழாம் வகுப்பு விடுமுறையில், நாளுக்கு அரை மணி நேரம் என்ற கணக்கில், மூன்றே வாரத்தில் பழகிவிட்டாள். அவள் கையில் அழிக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. பள்ளியில் தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பிற மொழியினர் இதே வழியில் நடந்த கதையையும் தங்கள் முன் வைக்கிறேன். அமெரிக்கரான ஷோல்ஸ் வடிவமைத்து 1874இல் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த, ஆங்கில விசைப்பலகைகளில் இன்றும் உள்ள குவெர்ட்டி அமைப்புக்கு மாற்றாக, அமெரிக்கக் கல்வியாளர் ஆகஸ்ட் டுவொராக் தம் உறவினர் வில்லியம் டீலியுடன் சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கி 1936இல் காப்புரிமை பெற்றார். அதிலும் உயிரெழுத்துகள் இடக்கையின் நடுவரிசையில்தான் உள்ளன. ஆனால் அதற்குள் அலுவலகங்கள், பயிற்சிக் கூடங்கள், தட்டச்சர்கள் என அனைவரும் பழைய அமைப்பில் ஊறிவிட்டிருந்தார்கள். 1956இல் அமெரிக்க அரசுத் துறை ஒன்றுக்காக நடந்த ஆய்வு, ஏற்கெனவே பழகிய தட்டச்சர்களை மாற்றிப் பயிற்றுவதால் பயனில்லை என்று முடிவு சொன்னது. பின்னர் அந்நாட்டுத் தர நிறுவனமே டுவொராக்கை ஒரு தரமாக ஏற்றபோதும் அது பரவவில்லை. அந்த ஆய்வைக் காட்டித் தமிழ்99ஐ மறுப்பவர்களும் உண்டு. அங்கே ஒப்பிடப்பட்டவை ஒரே இருபத்தாறு எழுத்துகளின் இருவேறு வரிசைகள். இங்கே நாம் ஒப்பிடுவது ஒரு மொழியை அதன் சொந்த எழுத்தில் தட்டுவதையும் வேறொரு மொழியின் எழுத்து வழியாகச் சுற்றித் தட்டுவதையும். இரண்டும் ஒன்றல்ல.

துருக்கியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இஹ்சான் யெனெர் என்ற தட்டச்சு ஆசிரியர் துருக்கி மொழிச் சொற்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து அமைத்த எஃப் விசைப்பலகையை அந்நாடு 1955இல் தரமாக்கியது. உயிர்கள் இடப்புறமும் மெய்களில் பெரும்பாலானவை வலப்புறமும் அதிலும் உண்டு. அதில் பழகிய துருக்கியர் உலகத் தட்டச்சுப் போட்டிகளில் பல முறை வென்றிருக்கிறார்கள். ஆனால் கணினிக் காலத்தில் குவெர்ட்டி வழிப் பலகைகள் சந்தையை நிரப்பியதும் சொந்தத் தரம் பின்னுக்குப் போயிற்று. 2013இன் இறுதியில் அரசு அலுவலகங்களை மீண்டும் எஃப் பலகைக்கு மாற்றச் சொல்லி அந்நாட்டுப் பிரதமர் அலுவலகம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. நாம் சுற்றறிக்கையோடு நின்றுவிடாமல் வகுப்பறையில் தொடங்கலாம்.

நம்மிடம் வேறு மரபும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வகுத்த அமைப்பின் வழியில், பயிற்சிக் கூடங்களில் 'யளனகபக' என்று தொடங்கிப் பல தலைமுறையினர் பயின்றார்கள். அவர்களின் விரல்களில் இருக்கும் திறமையை நான் வணங்குகிறேன். முப்பது ஆண்டுகள் அதில் தட்டியவர்களை மாறச் சொல்வது நியாயமும் அன்று. ஆனால் அது இரும்பு அச்சுகளுக்காகப் பிறந்த அமைப்பு. தாளில் இடமிருந்து வலமாக அச்சு விழ வேண்டியிருந்ததால், ஒற்றைக்கொம்பை முதலில் தட்டிப் பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் 'கெ' என்பது ககரமும் எகரமும் சேர்ந்தது என்று தமிழ் வகுப்பில் சொல்லிவிட்டு, கணினி வகுப்பில் கொம்பை முதலில் போடச் சொல்வானேன்?

தமிழ்99 குறையே இல்லாதது என்றும் நான் சொல்லவில்லை. ந, ய, ண, ச, ஞ, ழ ஆகிய ஆறு எழுத்துகளும் வலக்கைச் சுண்டுவிரலின் பொறுப்பில் உள்ளன. அந்தச் சிறு விரலுக்கு அது சற்று மிகுதிதான். கைப்பேசியின் குறுகிய திரையில் விசைகள் நெருக்கமாகிவிடுகின்றன. பேசினால் எழுதித்தரும் வசதி வந்துவிட்டதே என்று கேட்பவர்களும் உண்டு. பேசியதைத் திருத்துவதற்கும், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஆய்வகத்தில் கட்டுரை எழுதுவதற்கும் விசைப்பலகை வேண்டியிருக்கிறது.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைத்திருக்கிறீர்கள். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் தமிழ்க் கணிமைக்கு ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆனால் பதினோராம் வகுப்பு மிகவும் தாமதம். அதற்குள் பிள்ளைகள் கைப்பேசியில் ஆங்கில எழுத்து வழிக்குப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பாடமும் கணினிப் பிரிவை எடுப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு பருவத்துக்கு, வாரத்தில் ஒரு பாடவேளையைத் தமிழ்99 பழகுவதற்கு ஒதுக்குங்கள். அந்தப் பாடவேளை தமிழாசிரியரின் பொறுப்பில் இருந்தால் இன்னும் நல்லது. இனவெழுத்தையும் குறில் நெடிலையும் விசைப்பலகையை வைத்தே அவர் நடத்திவிடலாம். அதற்கு முன்பாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவை. என் அக்காள் மகளுக்குத் தேவைப்பட்ட அதே மூன்று வாரத்தை அவர்களுக்கும் கொடுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். ஆய்வகப் பலகைகளில் தமிழ் எழுத்துகள் அச்சிட்ட ஒட்டுத்தாள்களை ஒட்டுங்கள். இனி வாங்கும் கணினிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியிலேயே தமிழ் எழுத்து பொறித்த விசைகள் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். வேகத்துக்கு மதிப்பெண் வைக்காதீர்கள். பார்க்காமல் தட்ட வந்துவிட்டால் வேகம் தானாக வரும்.

கோடை விடுமுறைக்குள் ஆசிரியர் பயிற்சி தொடங்கினால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சில மாவட்டங்களிலாவது இதைச் செய்து பார்க்க முடியும். என் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. தாங்கள் அனுமதித்தால் சனிக்கிழமைகளில் அங்கு வந்து, ஊதியம் எதுவும் பெறாமல், ஆசிரியர்களோடும் பிள்ளைகளோடும் அமர்ந்து பழக்கித் தருவேன். அப்படிச் செய்ய ஆயத்தமாக இருக்கும் எழுத்தாளர்களும் மெய்ப்புத் திருத்துநர்களும் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எங்களை எங்கே வரச் சொல்கிறீர்கள் என்று தெரிவித்தால் போதும்.

பணிவுடன்,
தமிழ்99இல் தட்டச்சு செய்யும் ஒரு மொழிபெயர்ப்பாளர்