பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடிக்கையாளர்களின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் நீக்கிவிட்டு, கடைகளின் பில் விவரங்களைக் கல்லூரி ஆய்வுகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று தங்கள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்று அண்மையில் வலியுறுத்தியிருந்தது. நுகர்வோர் நடத்தையை இயந்திரக் கற்றல் (தரவைப் பார்த்துக் கணினியே கணிக்கக் கற்கும் முறை) வழியே ஆராய விரும்பும் நம் மாணவர்களுக்கு உள்ளூர்த் தரவு கிடைப்பதில்லை என்ற அதன் ஆதங்கம் நியாயமானதே. ஆனால் பெயரை நீக்கினால் போதும் என்பதை, பல ஆண்டுகள் கணிதத்தில் அணிகளை, அதாவது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய அட்டவணைகளை (matrix), பாடம் நடத்தியவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

இதே நம்பிக்கையோடு அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006 அக்டோபரில் ஒரு போட்டியை அறிவித்தது. அப்போது அது டிவிடிகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனம். 4,80,189 வாடிக்கையாளர்கள் 17,770 படங்களுக்குப் போட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை, பெயருக்குப் பதிலாக வெறும் எண்ணும் மதிப்பெண் போட்ட தேதியும் சேர்த்து வெளியிட்டது. தன் கணிப்பு முறையைவிடப் பத்து சதவீதம் குறைந்த பிழையுடன் கணிப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. வாடிக்கையாளரை நிரையாகவும் (குறுக்கு வரிசை) படத்தை நிரலாகவும் (நெடுக்கு வரிசை) எழுதினால் கிடைக்கும் அந்த அணியில், நூறு கட்டங்களுக்கு ஏறத்தாழ ஒன்றில்தான் மதிப்பெண் இருந்தது; மற்றவை காலி. காலிக் கட்டத்தில் என்ன வரும் என்று ஊகிப்பதுதான் போட்டி.

வென்றவர்கள் பயன்படுத்திய முறைகளில் முக்கியமானது கணிதத் துறையினருக்குப் பழகியதே. பிரம்மாண்டமான அணியை இரண்டு ஒடிசலான அணிகளின் பெருக்கலாக எழுதினால், ஆளுக்குச் சில எண்கள், படத்துக்குச் சில எண்கள் என்று சுருங்கிவிடும். இவற்றைப் பெருக்கிக் கூட்டினால் பார்க்காத படத்துக்கு ஒருவர் என்ன மதிப்பெண் போடுவார் என்பது ஓரளவு தெரியும். அதோடு, ஒரே ஆள் ஒரு நாள் தாராளமாகவும் இன்னொரு நாள் கறாராகவும் மதிப்பெண் போடுகிறார் என்பதைக் கண்டு, தேதியையும் கணக்கில் சேர்த்தார்கள். (பள்ளி விடைத்தாள் திருத்திய எவருக்கும் இது புதிய செய்தியல்ல.) 2009 செப்டம்பரில் பரிசு வழங்கப்பட்டது. இரண்டு குழுவினர் ஒரே அளவு துல்லியத்தை எட்டியிருந்தும், இருபது நிமிடம் முன்னதாக விடையை அனுப்பியவர்களுக்கே பணம் போயிற்று.

ஆனால் அதற்கு முன்பே, சென்னை ஐஐடியில் படித்துவிட்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அரவிந்த் நாராயணனும் அவருடைய பேராசிரியர் விட்டாலி ஷ்மாடிகோவும் அந்தத் தரவை வேறு கண்ணால் பார்த்திருந்தார்கள். ஒருவர் போட்ட எட்டு மதிப்பெண்கள் தெரிந்தால், அவற்றில் இரண்டு தவறாக இருந்தாலும், தேதிகள் பதினான்கு நாள் முன்பின் இருந்தாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருடைய பதிவைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று 2008-இல் வெளியான கட்டுரையில் அவர்கள் காட்டினார்கள். திரைப்படத் தளம் ஒன்றில் சொந்தப் பெயரில் கருத்து எழுதியவர்களோடு ஒப்பிட்டு, சிலரை அடையாளமும் கண்டார்கள். பின்னர் வழக்கு வந்தது. 2010 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் தன் இரண்டாவது போட்டியைக் கைவிட்டது.

இதை நெட்ஃபிளிக்ஸின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. காரணம் அந்த அணியின் இயல்பிலேயே இருக்கிறது. எல்லாரும் பார்க்கும் படம் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் ஒருவர் பார்த்த பத்துப் படங்களில் ஒன்றோ இரண்டோ அபூர்வமானவையாக இருந்துவிட்டால் அந்த நிரையைப் போல இன்னொரு நிரை கிடைக்காது. ஒருவருடைய ரசனையைக் கணிக்க உதவுவதும் அந்த அபூர்வத் தேர்வுகள்தாம். தரவுக்கு எது பயன் தருகிறதோ அதுவே ஆளையும் காட்டிக்கொடுக்கிறது என்னும்போது, பெயர் என்ற ஒரு நிரலை மட்டும் அழிப்பதால் ஆகப்போவது சொற்பம்.

இதை நானே நேரில் கண்டேன். சென்ற ஆண்டு என்னிடம் யோசனை கேட்க வந்த முதுகலை மாணவர் ஒருவர், எங்கள் பகுதி மளிகைக் கடை ஒன்றின் பில் கோப்பைக் கொண்டுவந்தார். பெயர், கைப்பேசி எண் எதுவும் அதில் இல்லை; ஆளுக்கு ஒரு வரிசை எண் மட்டுமே இருந்தது. கேழ்வரகு மாவு, சர்க்கரை இல்லாத பிஸ்கட், பூனைத் தீனி ஆகிய மூன்றும் சேர்ந்த பில்லைத் தேடச் சொன்னேன். ஒரே வாடிக்கையாளர்தான் வந்தார், அது நான். என் ஒன்றரை ஆண்டு மளிகைக் கணக்கும், எந்த மாதத்தில் சர்க்கரை வாங்குவதை நிறுத்தினேன் என்பதும் திரையில் வரிசையாக நின்றன. அடுத்து, பெரியவர்களுக்கான டயப்பரைத் தேடலாமா என்று மாணவர் கேட்டார். எங்கள் தெருவில் யார் வீட்டில் அது வாங்கப்படுகிறது என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு அளிக்கிறது. குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது, வகுக்கப்பட்ட தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும் என்பவை அதற்கான நிபந்தனைகள். அந்தத் தரநிலை கணிதத்தில் ஊன்றியதாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஒருவருடைய பதிவு கோப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஏறக்குறைய மாறாத அளவுக்கு, விடையில் அளந்து பிழை கலக்கும் 'டிஃபரென்ஷியல் பிரைவசி' என்ற முறை 2006-லேயே வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியீடுகளில் அது பயன்பட்டிருக்கிறது. கோப்பைக் கையில் கொடுப்பதற்குப் பதிலாக, தரவு இருக்கும் இடத்துக்கே மாணவரின் கேள்வியை அனுப்பி, இப்படிப் பிழை கலந்த விடையை மட்டும் வெளியே தருவது இன்று நடக்கக்கூடிய காரியமே.

அந்த மாணவரும் நானும் தேதிகளை மாதங்களாக்கினோம்; அபூர்வப் பொருள்களைப் பெரிய வகைகளுக்குள் அடக்கினோம்; மூலக் கோப்பைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். இதுவும் முழுப் பாதுகாப்பல்ல என்று அவரிடம் சொன்னேன். அவருடைய கணிப்பின் துல்லியம் கண்கூடாகக் குறைந்தது. எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது என்பதை ஆய்வேட்டில் தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.