டிஸ்க் போடுகிற டப்பா

திருச்சி
9 நவம்பர் 2025

அன்புள்ள முருகேசா,

பலகாரப் பொட்டலத்தோடு உன் கடிதமும் வந்து சேர்ந்தது. ஓசூரிலிருந்து இங்கே வருவதற்குள் முறுக்கெல்லாம் பொடியாகிவிட்டது, அதிரசம் மட்டும் தப்பித்தது. பொடியை யாழினி கரண்டியால் அள்ளித் தின்றாள். தங்கச்சியிடம் சொல்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது கூடத்தில் உட்கார்ந்தபடியே எதிர்ச் சுவர் காலண்டரில் ராகு காலம் படித்துச் சொல்கிறார். கூடவே ஒரு வம்பு: மின்விசிறியில் படிந்திருக்கும் தூசியும் தெரிய ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷம் நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவினுக்கு பிஎஸ் 5, அதுதான் டிவியில் இணைத்து ஆடுகிற சோனியின் கேம் கன்சோல், வாங்கித் தரலாமா வேண்டாமா என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். வீட்டுக்கு மனை பார்த்தபோதுகூட நீ இவ்வளவு யோசிக்கவில்லை. தங்கச்சி வேண்டாம் என்கிறாள், பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், நடுவில் நீ. மூன்று வருஷமாக அந்த டப்பாவை வீட்டில் வைத்திருக்கிறவன் என்ற முறையில் என்னைக் கேட்கிறாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குவதானால் டிஸ்க் போடுகிற மாடலை வாங்கு. டிஸ்க் இல்லாதது விலை குறைவு என்று அதைத்தான் வாங்கப் போகிறாய் என்றால், வாங்கவே வேண்டாம்.

ஏன் என்று என் கணக்கைப் பார்த்தால் உனக்கே தெரியும். நான் 2022 ஆடியில் வாங்கினேன். அப்போது அது கிடைப்பதே குதிரைக் கொம்பு. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டாலும், உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. முன்பதிவு திறந்த சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும். ஒரு கடைக்காரர், வேண்டாத இரண்டு கேமையும் சேர்த்து வாங்கினால்தான் தருவேன் என்று தலையில் கட்டப் பார்த்தார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். கடைசியில் இன்னொரு இடத்தில் 49,990க்குக் கிடைத்தது. இரண்டாவது கன்ட்ரோலர் 5,990. இதுவரை வாங்கிய கேம்களில் விற்றது போக நிகரமாக ஒரு 14,000. ஆக, சுமார் 70,000 ரூபாய்.

எந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடினோம் என்று அந்த மெஷினே காட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய் என்பதற்காகக் கூட்டிப் பார்த்தேன். 610 மணி. மணிக்கு 115 ரூபாய் விழுகிறது. மோசமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் பிரித்துப் பார்த்தேன். அதில் 340 மணி ஒரே ஒரு கிரிக்கெட் கேம். அந்த 340இல் பெரும்பகுதி, எல்லோரும் தூங்கிய பிறகு நான் தனியாக ராத்திரி ஆடியது! யாழினிக்காக வாங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை உன்னோடு வைத்துக்கொள்.

இரண்டாம் வருஷத்தில் எட்டு மாசம் அது தூசி தின்றுகொண்டு சும்மா நின்றது. மறுபடி உயிர் வந்தது டிஸ்கால்தான். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடமும் ஒரு பிஎஸ் 5 இருந்தது. அவனிடம் நாலு டிஸ்க், என்னிடம் மூன்று. மாற்றிக்கொண்டோம். பெரிய கம்பெனியின் புது கேம் வெளியாகும்போது 4,999, சில சமயம் அதற்கும் மேலே. முடித்ததும் விற்றால் பாதிக்கு மேல் திரும்ப வந்துவிடும், அடுத்தவன் விற்பதை நாம் பாதி விலைக்கு வாங்கலாம். இணையத்தில் இறக்கி ஆடுகிற கேம் அப்படியில்லை. காசு கொடுத்தாயா, அது உன் கணக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். விற்கவும் முடியாது, கவின் தன் சிநேகிதனுக்கு ஒரு வாரம் கொடுத்து வாங்கவும் முடியாது. சில டிஸ்க் கைமாறினால் அந்த விலை வித்தியாசம் வந்துவிடும்.

இதை எழுதும்போது கும்பகோணத்தில் ஹக்கீம் வீட்டுத் திண்ணை ஞாபகம் வருகிறது. அவன் அண்ணன் பர்மா பஜாரில் வாங்கி வந்த அந்த டிவி கேம் செட்! 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ விற்ற ஃபேமிகாமின் நகல் அது என்பதெல்லாம் நமக்கு எங்கே தெரியும்? கேசட்டின் மேல் 168 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே பன்னிரண்டையே பெயர் மாற்றித் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பான். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊது, மறுபடி சொருகு. நம்மிடம் கான்ட்ரா கேசட் கிடையாது, மேலத் தெருப் பசங்களிடம் இருந்தது. ஒரு வாரத்துக்குக் கொடு என்று கேட்டதற்கு அவர்கள் பிணை கேட்டார்கள். உன் புது ஜாமெட்ரி பாக்ஸை வைத்தோம். அந்த வாரம் கணக்குப் பரீட்சையில் நீ பாட்டிலின் மூடியை வைத்து வட்டம் போட்டாய். அன்றைக்குக் கேசட் மாற்றியதைத்தான் இப்போது டிஸ்கில் செய்கிறோம். அது இல்லையென்றால் எனக்கு இந்த மெஷின் என்றைக்கோ அலுத்திருக்கும்.

ஒரு துணுக்கு. அந்த செட்டோடு வந்த வாத்து சுடும் துப்பாக்கி இன்றைய டிவியில் வேலை செய்யாதாம். பழைய குண்டு டிவியின் கதிர் திரையில் கோடு கோடாக ஓடுகிற வேகத்தை நம்பித்தான் அது குறி கண்டுபிடித்தது. அம்மா வீட்டுப் பரணில் அது இன்னும் கிடக்கிறது, ஒன்றுக்கும் உதவாமல்.

இப்போது நீ கவினிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வகுப்பில் அவன் கூட்டாளிகள் எதில் ஆடுகிறார்கள்? எல்லோரும் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) என்றால், அது போனில் மட்டும்தான். இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிற மெஷினில் அது வராது. வேலரன்ட் என்றால் கூட்டாளிகள் கம்ப்யூட்டரில் இருப்பார்கள், கன்சோலில் ஆடுகிறவன் அவர்களோடு சேர முடியாது. ஃபோர்ட்நைட் என்றால் கவலையில்லை, இலவசம், எதில் ஆடினாலும் ஒன்றாக ஆடலாம், சந்தாவும் வேண்டாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய கேமை இணையத்தில் அடுத்தவரோடு ஆட பிஎஸ் ப்ளஸ் சந்தா தனி. குறைந்த திட்டத்துக்கே வருஷா வருஷம் காசு கட்ட வேண்டும். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். அவன் பதில் பிஜிஎம்ஐ என்று வந்தால், இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

“கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும்” என்று உன் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தாய். பழைய காலத்துக் கணக்கு அது. பிஎஸ் 4 வரைக்கும் வருஷம் ஆக ஆக விலை குறைந்தது நிஜம். இது ஏறுகிறது. நான் வாங்கி நாலு மாசத்தில் இங்கே 54,990 ஆனது. அமெரிக்காவில் 2020இல் 499.99 டாலருக்கு வந்த டிஸ்க் மாடலை 2025 ஆகஸ்டில் 549.99 ஆக்கிவிட்டார்கள், ஐந்து வருஷம் பழைய சரக்குக்கு! பண்டிகைக்குக் கொஞ்சம் குறைப்பார்கள், அதற்குக் காத்திருக்கலாம். அதற்கு மேல் காத்திருந்து பிரயோஜனம் இல்லை.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பற்றிக் கேட்டாய். அதில் டிஸ்க் போடவே இடம் கிடையாது, ஆகவே என் பதில் உனக்குத் தெரியும். நின்டெண்டோ ஸ்விட்ச் குழந்தைகளுக்கு நல்ல சாமான்தான், ஆனால் கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. துபாயிலிருந்து யாராவது கொண்டுவந்து, ரிப்பேர் என்றால் மறுபடி துபாய்க்கு அனுப்ப வேண்டும். கேமிங் லேப்டாப் என்றால் பிளஸ் ஒன் போகும்போது படிப்புக்கும் ஆகும் என்பது நிஜம், ஆனால் இந்த விலையில் இந்த அளவு வேகம் கிடைக்காது.

உன் வீட்டு டிவி பற்றிக் கவலைப்படாதே. 120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1 என்று கடைக்காரர் பயமுறுத்துவார். எச்டிஎம்ஐ துளை இருந்தால் போதும், படம் வரும். ஆனால் செட்டிங்ஸில் போய் ‘கேம் மோட்’ போட மறக்காதே. நான் மறந்தேன். முதல் வாரம் முழுக்க பந்து ஸ்டம்பைத் தட்டிய பிறகுதான் என் மட்டை சுழலும். வயசாகிவிட்டது, கை வேகம் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன். யாழினி ரிமோட்டை வாங்கி ஒரு பட்டனை அழுத்தினாள். மறுநாள் முதல் சிக்ஸர்.

அப்புறம் இடம். என் பழைய மாடலில் 825 ஜிபி என்று பெயர், கைக்குக் கிடைப்பது 667தான். பிறகு வந்த மெலிந்த மாடலான ஸ்லிம்மில், டிஸ்க் போடுகிறதில், 1 டிபி. பெரிய கேம் ஒன்று நூறு ஜிபியைச் சாதாரணமாக விழுங்கும், டிஸ்க் போட்டாலும் உள்ளே ஏற்றித்தான் ஆடும். சின்ன யூபிஎஸ் ஒன்று வைத்துக்கொள். ஆடும்போது 200 வாட் அளவுக்கு இழுக்கும், கணக்குப் போட்டு வாங்கு.

எண்களாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். மெஷினோடு ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம் என்று ஒரு கேம் இலவசமாக உள்ளேயே இருக்கும். பனியில் சறுக்கினால் கையில் ஒரு மாதிரி அதிரும், மணலில் நடந்தால் வேறு மாதிரி அதிரும். அதில் ஓர் இடத்தில் கன்ட்ரோலரின் மைக்கில் வாயால் ஊதினால் திரையில் காற்றாடி சுற்றும். யாழினி ஊதிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன, படம் வரலையா?” என்று கேட்டார். கேசட்டை நாம் ஊதியதை அம்மா மறக்கவே இல்லை! நானும் மல்லிகாவும் விழுந்து விழுந்து சிரித்தோம், யாழினிக்கு ஒன்றும் புரியவில்லை.

மல்லிகா ஆடின ஒரே கேம் இட் டேக்ஸ் டூ. 2021இல் வந்தது, ஒருவர் தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். விவாகரத்து செய்யப் போகிற கணவனும் மனைவியும் பொம்மையாகிவிடுகிறார்கள். ரிப்பேர் பார்க்காமல் போட்டு வைத்த வேக்வம் கிளீனர் அவர்களை அடிக்க வருகிறது. “இது நம்ம மிக்சிதான்” என்றாள் மல்லிகா. மறுநாளே மிக்சியை ரிப்பேர் கடையில் கொடுத்தேன். முடிக்க மூன்று மாசம் ஆனது, வாரத்துக்கு ஒரு மணி நேரம், சனிக்கிழமை ராத்திரி. 610 மணியில் இதன் பங்கு 15கூட இல்லை. இதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தங்கச்சிதான் வேண்டாம் என்கிறாள் என்பதால் சொல்கிறேன், அவளிடம் முதலில் இதைக் காட்டு. டிஸ்க் என்னிடம் இருக்கிறது.

ஒன்று செய்கிறேன். பொங்கலுக்கு ஓசூர் வருவதாகத்தானே இருக்கிறோம். மெஷினையும் தூக்கிக்கொண்டு வருகிறேன். நாலரைக் கிலோ, என் துணிப்பையை விட லேசு. கிளம்பும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன், பரீட்சை நெருங்கும் வரை இருக்கட்டும். இங்கே யாழினிக்கும் அந்தச் சமயத்தில் வேண்டாம். எத்தனை நாளில் கவினுக்கு அலுக்கிறது, ராத்திரி நீ எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்பதையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போ. கிரிக்கெட் டிஸ்கை மட்டும் திருப்பி அனுப்பிவிடு. மெஷின் இல்லாமல் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கேட்காதே.

டிவிக்குப் பின்னால் எத்தனை எச்டிஎம்ஐ துளை காலியாக இருக்கிறது என்று பார்த்து எழுது. ஒன்றை செட்டாப் பாக்ஸ் பிடித்திருக்கும்.

அன்புடன்,
பாலு

பி.கு. அந்த ஜாமெட்ரி பாக்ஸை மேலத் தெருப் பசங்கள் திருப்பிக் கொடுத்தார்களா? எனக்குக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.