பெரியவன் இப்போது வீட்டில்தான் படிக்கிறான், அப்பா

லெஸ்டர்,
டிசம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள், அம்மா, ஆத்தா, தம்பி எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. "பேரன் பள்ளிக்கூடம் போவதில்லை என்பதைச் சம்பந்தி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்று பச்சை மையில் அடிக்கோடிட்டிருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போனில் அவசரமாகச் சொல்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படிப்பை நிறுத்தவில்லை அப்பா. பள்ளிக்கூடத்தை மட்டும்தான் நிறுத்தியிருக்கிறோம். இங்கிலாந்தில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆனால் அதைப் பள்ளியில்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 7ஆம் பிரிவு. பிள்ளையின் வயதுக்கும் திறமைக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை. பள்ளிக்கு அனுப்பியும் செய்யலாம், வேறு வழியிலும் செய்யலாம். நீங்கள் கேட்பீர்கள் என்று அந்தப் பிரிவை இவர் அச்செடுத்து வைத்திருக்கிறார். ஜெர்மனியில் இருக்கிற சின்ன அத்தை மகன், அங்கே இப்படிச் செய்யவே விட மாட்டார்கள் என்றான். இங்கே தலைமையாசிரியருக்கு, இன்ன தேதியிலிருந்து வீட்டில் படிப்பிக்கிறோம், பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அவர்களே கவுன்சிலுக்கு (நம்மூர் மாநகராட்சி மாதிரி) தெரிவித்துவிடுவார்கள். அப்புறம் கவுன்சிலிலிருந்து என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். அவனுடைய கணக்கு நோட்டிலிருந்து சில பக்கங்களும், வாசித்த புத்தகங்களின் பட்டியலும் வைத்துப் பதில் அனுப்பினோம். பி.எட். வேண்டும் என்றோ, பள்ளிப் பாடத்திட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை.

ஏன் என்று கேட்டிருந்தீர்கள். காலையில் ஷூ போடும் நேரத்துக்கு அவனுக்கு வயிறு வலிக்கும். சனி, ஞாயிறில் வலிக்காது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு நாள் அழுதான். போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். நாங்களும் பார்த்தோம், சரியாகவில்லை. சின்னவளுக்கு அவள் பள்ளி பிடித்திருக்கிறது, குதித்துக்கொண்டு போகிறாள். அவளை நாங்கள் தொடவில்லை.

இங்கே வீட்டில் படிப்பிக்கிற பெற்றோர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: பள்ளியிலிருந்து எடுத்த பிள்ளையை, அங்கே இருந்த வருஷத்துக்கு ஒரு மாசம் வீதம் சும்மா விட வேண்டும். சிலர் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியரின் வழியில், பிள்ளை கேட்காமல் பாடமே வைப்பதில்லை. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஓய்வு கொடுத்தோம், ஆனால் காலையில் கணக்கும் தமிழும் விடவில்லை. எனக்கு மனசுக்கு ஒத்துப்போனது சார்லட் மேசன் அம்மையாரின் முறை. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் இருந்தவர். பாடம் சின்னதாக இருக்க வேண்டும், கேட்டதைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பார். நீங்கள் திண்ணையில் எங்களைச் செய்ய வைத்தது அதுதானே.

இட்லி மாவில்தான் அவன் அறிவியலையே ஆரம்பித்தான். இந்தக் குளிருக்கு மாவு பொங்குவதே இல்லை. ஏன் பொங்கவில்லை என்று கேட்டான். சரி, நீயே கண்டுபிடி என்று ஒரே மாவை மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒன்று சமையல் மேடையில், ஒன்று ஹீட்டர் பக்கத்தில், ஒன்று விளக்கு மட்டும் போட்ட ஓவன் அடுப்புக்குள். மாவு நிற்கும் மட்டத்தில் ரப்பர் பேண்டு மாட்டி, ஸ்கேலை வைத்து அளந்து அளந்து எழுதினான். ஓவனில் வைத்தது விளிம்புக்கு வந்துவிட்டது. மேடையில் இருந்தது அப்படியே கிடந்தது. உளுந்தோடு வருகிற பாக்டீரியா சூட்டில்தான் வேலை செய்யும், அது விடுகிற வாயுதான் மாவைத் தூக்குகிறது என்று நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தோம். அம்மாவிடம் சொல்லுங்கள், கடைசியில் இட்லி பூப்போல வந்தது.

சரித்திரத்துக்கு இந்த ஊரே போதும். 1485இல் போரில் செத்த மூன்றாம் ரிச்சர்டு ராஜாவின் எலும்புக்கூடு 2012இல் இங்கே ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் கிடைத்தது. வளைந்த முதுகெலும்பை வைத்தும் டி.என்.ஏ.வை வைத்தும் அவர்தான் என்று உறுதிப்படுத்தி, 2015இல் பேராலயத்தில் திரும்ப அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு முன்னால் நின்று, "ஒரு ராஜாவை எப்படிம்மா தொலைச்சாங்க?" என்று கேட்டான். ஒரு வாரம் அதிலேயே ஓடியது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் செம்பில் ஒரு மழைமானி வைத்திருக்கிறார். தினமும் காலை 9 மணிக்கு, உறைபனி கொட்டினாலும், வீட்டு அங்கிக்கு மேல் கோட்டும் காலில் ரப்பர் பூட்ஸுமாக வந்து அளவு எடுப்பார். வேறு யாரிடமும் அதிகம் பேச மாட்டார். இவன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது கண்ணாடிக் குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து அளவைப் படித்துச் சொல்வது இவன் வேலை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் உரக்கச் சொல்ல வேண்டும். "நாலு புள்ளி ரெண்டு!" என்று இங்கிலீஷில் இவன் கத்துவது எனக்குச் சமையலறை வரை கேட்கிறது. அப்பா, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இவன்.

பரீட்சை எப்படி என்று கவலைப்பட வேண்டாம். 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ.யைத் தனித்தேர்வராக எழுதலாம். கட்டணம் நாம்தான் கட்ட வேண்டும், மையமும் நாமே தேட வேண்டும். செய்முறை இல்லாமல் எழுத்துத் தேர்வாகவே அறிவியல் எழுத இன்டர்நேஷனல் ஜி.சி.எஸ்.இ. இருக்கிறது. நடுவில் அவனே பள்ளிக்குப் போகிறேன் என்றால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

பணத்துக்கு ஒரு குறையும் இல்லை. நான் வேலையை சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மாற்றிக்கொண்டேன், இவருக்கு இரவு ஷிப்ட். மத்தியானம் பெரும்பாலும் நூலகத்தில்தான் இருக்கிறோம். அங்கே நல்ல கதகதப்பு, வீட்டில் ஹீட்டர் போட வேண்டியதில்லை. புதன்கிழமை பூங்காவில் வீட்டில் படிப்பிக்கிற குடும்பங்கள் கூடுவார்கள். மழையென்றால் யாரும் வர மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துவிடுவோம். பொங்கலுக்கு வர முடியாது. டிக்கெட் ஏறிக் கிடக்கிறது, கோடையில் பார்க்கலாம்.

4 மணிக்கே இருட்டிவிடுகிறது அப்பா. அந்த நேரத்தில் இவன் மேஜையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வான். ஒற்றைக் குரல். நம் திண்ணையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பதினாறாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வதும், நடுவில் ஒருவன் தப்பாகச் சொன்னால் நீங்கள் கண்ணைத் திறக்காமலே "யார்ரா அது?" என்பதும், அம்மா உள்ளேயிருந்து சுண்டலுக்குத் தாளிக்கிற வாசனையும்... எழுத ஆரம்பித்தால் கை நிற்கிறது. அதனால் கேட்கிறேன். செவ்வாய், வியாழன் இங்கே காலை 10 மணி, உங்களுக்கு மதியம் 3.30. வீடியோவில் அவனுக்கு அரை மணி நேரம் கணக்கும் தமிழும் எடுப்பீர்களா? நான் நடத்தும்போது வருகிற "ஏன்"களுக்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும்.

அப்புறம் நில விஷயம். தம்பி பெயருக்குப் பவர் எழுத பர்மிங்காம் துணைத்தூதரகத்தில் நேரம் வாங்கப் போகிறேன். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், தம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது. அத்தை பங்கை அவர் கேட்டபடி கிணற்றுப் பக்கமே விட்டுவிடுங்கள், எனக்கு மனத்தாங்கல் இல்லை. அம்மாவுக்கு இரண்டாவது கண் ஆபரேஷனைத் தை வரை தள்ள வேண்டாம். உங்கள் சர்க்கரை அளவை இந்த முறையும் எழுதவில்லை, கவனித்தேன். பெண் வீட்டார் தேதி சொன்னதும் எனக்கு முதலில் தெரிவியுங்கள், லீவு கேட்க வேண்டும்.

தம்பி அனுப்பிய விவரத்தில் சர்வே எண் மட்டும் இருக்கிறது, உட்பிரிவு எண் இல்லை. பட்டாவைப் பார்த்து அதையும் நான்கு எல்லையையும் நீங்களே எழுதி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்