பாப்பாவுக்கு, நைட் டியூட்டி முடிந்து எழுதுவது

அறந்தாங்கி,
ஞாயிறு காலை

அன்பு பாப்பா,

இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். குளித்துவிட்டு, அப்பா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் படுக்கலாம் என்றுதான் இருந்தேன். தூக்கம் வரவில்லை. புதன்கிழமை நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. போனில் பேசினால் பாதியில் உனக்கு பஸ் வந்துவிடும், இங்கே குக்கர் விசிலடித்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த இன்சுலின் விஷயம். "அம்மா, திட்டாம கேளு" என்று நீ ஆரம்பித்தபோதே எனக்கு நெஞ்சு படபடத்தது. ராத்திரி பத்து மணி, ஏழாம் நம்பர் பெட்டில் இருக்கும் பெரியவருக்கு 20 யூனிட். உன் கையில் இருந்தது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள பாட்டில். எடுத்ததோ, மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கான சிவப்பு மூடி சிரிஞ்சு. 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். 40 பாட்டிலாக இருந்தால் அது சரியாக 20 யூனிட்தான். 100 பாட்டிலில் அதே அரை மில்லி 50 யூனிட். இரண்டரை மடங்கு. அதைப் போட்டிருந்தால் வார்டே தூங்கும் நேரத்தில் அந்தப் பெரியவர் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, யாரும் பார்க்காமல் கிடந்திருக்கலாம். நினைக்கவே கை நடுங்குகிறது.

ஆனால் நான் அதைவிட அதிகமாக நினைத்துக்கொண்டிருப்பது உன் வார்டு சீனியர் நர்ஸ், அந்தக் கோட்டயத்து சேச்சியைப் பற்றித்தான். இன்சுலின் என்றால் இரண்டு பேர் பார்த்துத்தான் போட வேண்டும் என்பதற்காக வந்து நின்றவர், சிரிஞ்சைப் பார்த்த உடனேயே தப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கையிலிருந்து பிடுங்கவில்லை. சத்தம் போடவில்லை. "மோளே, அந்தப் பாட்டிலை எனக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டு" என்றார். நீ வாசித்தாய், 100 என்று வந்த இடத்தில் உன் குரல் நின்றுவிட்டது. பெரியவரிடம், "ஒரு நிமிஷம் அப்பா, வேற ஊசி எடுத்துட்டு வர்றோம்" என்று சொல்லி உன்னைக் கூட்டிப்போய், 100 பாட்டிலுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் உன் கையாலேயே எடுக்க வைத்து, உன்னையே போடவும் வைத்தார். அந்த ஊசியை அவரே போட்டிருந்தால் அடுத்த நாள் நீ இன்சுலின் பாட்டிலைத் தொடவே பயந்திருப்பாய். இதை அவர் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் உன்னையே சொல்ல வைத்ததும், அவர் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், "ரெண்டு சிரிஞ்சும் ஏன் ஒரே டிரேயில இருக்கு?" என்று கேட்டதும், பன்னிரண்டு மணிக்குள் இரண்டையும் தனித்தனி டிரேயில் வைத்து லேபிள் ஒட்டியதும்... நீ இதையெல்லாம் ஏதோ சாதாரணமாகச் சொன்னாய். பாப்பா, இது சாதாரணம் இல்லை. உனக்கு முதல் வேலை, வேறு இடம் பார்த்ததில்லை, அதனால் எல்லா வார்டும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறாய்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் 1994-ல் முதல் வேலைக்குப் போன இடத்தில், சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்திவிட்டேன். அங்கிருந்த சீனியர் ஒருவர் குழந்தையின் அம்மா எதிரிலேயே, "உனக்கெல்லாம் யாருடி சர்டிபிகேட் குடுத்தது?" என்று கேட்டார். துணி வைக்கும் அறையில் போய் நின்று அழுதேன். அழுகை அன்றைக்கே போய்விட்டது. பயம் போகவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பிரசவ வார்டில் நைட் டியூட்டி. ரத்தம் குறைவாக இருந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு மணிக்கு மேல் இருக்கும், அந்தப் பெண் குளிருகிறது என்றாள். கம்பளி எடுத்துப் போர்த்திவிட்டேன். நடுக்கம் நிற்கவில்லை. முதுகு வலிக்கிறது என்றாள். ரத்தம் ஏற்றினால் முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும், நடுக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான். ஆனால் நிறுத்திவிட்டு, அது வெறும் குளிராக இருந்தால்? அந்த சீனியர் பக்கத்து வார்டில்தான் இருந்தார். வாசல் வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மறுபடி திரும்பினேன். ஒரு பத்து நிமிடம் இப்படியே போனது, பாப்பா. பத்து நிமிடம்!

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மாதான் நிமிர்ந்து பார்த்தார். "சிஸ்டர், ரத்தத்த மூடு. இத நான் முன்னாடி பாத்துருக்கேன். நீ இங்கேயே நில்லு, நான் போய்க் கூப்பிடுறேன்" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார். நிறுத்தினேன், செட்டை மாற்றி சலைன் போட்டேன், டாக்டர் வந்தார், ஊசி போட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் குழந்தையோடு வீட்டுக்குப் போனாள். விடிந்ததும் ஆயாம்மா எனக்கு ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து கொடுத்தார். "இனிமே வாசல் வரைக்கும் போனா திரும்பி வராத" என்றார். அவ்வளவுதான். அந்த வருஷம் நான் வேலையை விடாமல் இருந்ததற்கு அவர்தான் காரணம்.

திட்டினால்தான் பிள்ளைகள் வேலை கற்றுக்கொள்வார்கள் என்று நம் தொழிலில் இன்றைக்கும் சொல்கிறார்கள். நானும் இடையில் சில வருஷம் அப்படி நம்பி, எனக்குக் கீழே வந்த பிள்ளைகளிடம் கத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான். திட்டு வாங்கினால் கை வேகமாகுமோ என்னவோ, வாய் கட்டாயம் மூடிக்கொள்ளும். கேட்க வேண்டியதைக் கேட்காத நர்ஸைப் போல நோயாளிக்கு ஆபத்து வேறெதுவும் இல்லை. உன் சேச்சி உன்னிடம் அன்பாக இருந்தார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. ஏழாம் நம்பர் பெரியவருக்கும், இனி உன் கையில் ஊசி போட்டுக்கொள்ளப் போகும் எத்தனையோ பேருக்கும் அவர் நல்லது செய்திருக்கிறார்.

அப்புறம், "அக்காமாருக்கெல்லாம் எல்லாம் தெரியுது, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று குறைப்பட்டாயே. சேச்சி வார்டு வாசலில் நின்று பார்த்தே, "அந்த பதினொண்ணு சரியில்ல, பிபி பாரு" என்கிறார், எப்படி என்றே புரியவில்லை என்றாய். எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1984-லேயே இதை எழுதியிருக்கிறார். ஒரு நர்ஸ் ஐந்து படி ஏறி வருகிறாள், படித்து முடித்து வருகிறவள் நிற்பது இரண்டாவது படியில். ஒரே மாதிரி வார்டில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்த பிறகுதான் மூன்றாவது படி. இரண்டாவது படியில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலைகளின் வரிசைதான் கண்ணுக்குத் தெரியும், எட்டு மணி மருந்து, டிரிப்ஸ் மாற்றுவது, சார்ட் எழுதுவது என்று. ஆளை முழுதாகப் பார்க்கும் கண் மெதுவாகத்தான் வரும். எனக்கு வர நான்கு வருஷம் ஆனது. நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேச்சி அப்படிச் சொல்லும்போது, "எதை வச்சு சேச்சி சொன்னீங்க?" என்று கேட்டுவிடு. உதட்டு நிறமா, மூச்சு விடும் வேகமா, கட்டிலைப் பிடித்திருந்த விதமா? அவர் சொல்வார். சொல்லக்கூடியவர்தான்.

வார்டில் நீ பார்த்த முதல் மரணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னாய். உடம்பைத் துடைக்கும்போது சேச்சி இறந்தவரிடம், "அண்ணா, கையைத் தூக்குறேன்", "அண்ணா, இந்தப் பக்கம் திருப்புறேன்" என்று உயிரோடு இருப்பவரிடம் பேசுவது போலவே பேசிக்கொண்டிருந்தார் என்று. கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்டிவிட்டு, மனைவியை உள்ளே விடும் முன் தலையை வாரிவிட்டார் என்று. எந்த வாத்தியார் இதைப் பாடத்தில் சொல்லித் தருவார்? நீ கல்லூரியில் சேர்ந்த 2020-ஐ, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருஷம் ஆனதற்காக உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த வருஷமே கொரோனா வந்தது. ஊரெல்லாம் எங்களுக்குக் கைதட்டினார்கள். நீ டிவியில் பார்த்துவிட்டுத்தான் நர்ஸாக வேண்டும் என்றாய். நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வாய்த்தது போல் உனக்கும் வாய்த்துவிடுமோ என்ற பயம்தான் அது. அந்தப் பயம் இந்தப் புதன்கிழமைதான் போனது.

சாப்பாட்டு விஷயமும் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். இரண்டு மணிக்கு நீ இன்னும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் அந்த நாகர்கோவில் அக்கா, "உன் ஆறு பெட்டையும் நான் பாக்குறேன், போ" என்று அனுப்பினாராமே. நீயும் போ. வேலை முடியட்டும் என்று நிற்காதே. உனக்கு இருபத்து மூன்று வயசில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் என் வயசில் படுவாய்.

அடுத்த மாதம் உங்கள் வார்டுக்குப் புதுப் பிள்ளைகள் மூன்று பேர் வருகிறார்கள் என்றாய். அதற்குள் அந்த இன்சுலின் ராத்திரி நடந்ததை, சேச்சி சொன்ன வார்த்தைகளோடு ஒரு நோட்டில் எழுதி வை. "பாட்டிலை வாசிச்சுக் காட்டு" என்பது உனக்கும் தேவைப்படும். அவசரத்தில் நமக்கு நல்ல வார்த்தை வாயில் வராது, பாப்பா. முன்னாடியே எடுத்து வைத்துக்கொண்டால்தான் வரும்.

நாளை மறுநாள் உன் மாமா கோயம்புத்தூர் வருகிறார், பார்சல் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கு பெரிய டப்பாவில் இருக்கிறது, வார்டில் எல்லோருக்கும் கொடு. சேச்சிக்குப் பல் வலி என்றாயே, அவருக்கு அதிரசம் தனியாகச் சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன். உங்கள் வார்டு ஆயாம்மாவுக்கு ஒரு புடவை, பச்சைக் கலர், கவரில் பெயர் எழுதவில்லை, எனக்குப் பெயர் தெரியாது. நீ கேட்டு எழுதிவிட்டு, கையில் கொடு.

அன்புடன்,
அம்மா