மகமை கடைக்குள்ளிருந்து தொடங்கட்டும்: ரங்கூன் தமிழ் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமாருக்கு வணக்கம்.

ரங்கூன் கடைவீதியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு கடை மூன்றாகி, மூன்று ஏழானதைப் பக்கத்திலிருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் நம்மவர்கள் மண்டலேக்கும் சகாயிங்குக்கும் அரிசியும் தார்ப்பாயும் அனுப்பினார்கள். நானும் கூட நின்று மூட்டை எண்ணினேன். நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடையில், லாரியில் மூட்டை ஏற்றிய பையனுக்கே சொந்த ஊர் சகாயிங். அம்மா வெட்டவெளியில் படுத்திருக்கிறாள் என்று ஊருக்கு ஓடினான். ஒன்பது நாள் கழித்து வந்தான். மாதக் கடைசியில் அந்த ஒன்பது நாள் சம்பளத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். எழுதியது என் கைதான். அனுப்பிய அரிசி தர்மக் கணக்கில், அவன் சம்பளம் பிடித்தத்தில், இரண்டும் ஒரே பேரேட்டில். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகமை நமக்குப் புதிதில்லை. மொகல் தெருவில், கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கிகளில் வட்டித் தொழில் செய்த செட்டியார்கள் வரவில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயில் கட்டினார்கள், அன்னதானம் செய்தார்கள். 1930களில் நெல் விலை விழுந்தது. கடனுக்கு ஈடாக வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்கள் நிலம் 1937இல் 25 பங்கானது. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை, சரி. ஆனால் வயலை இழந்த பர்மிய உழவன் நம் கோபுரத்தை எந்தக் கண்ணால் பார்த்திருப்பான்?

அவர்களிடம் கற்க ஒன்று உண்டு. முதலாளி மகனே ஆனாலும் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடியாகத்தான் தொழிலுக்குள் வருவான், பல நேரம் இன்னொருவர் கடையில். அப்புறம்தான் உதவியாளான அடுத்தாள், கடையை நடத்தும் மேலாள் எல்லாம். கடை பெருக்கி, ஏவலுக்கு ஓடி, கடைசியில் சாப்பிட்டவனுக்கு மற்றவன் பசி தெரியும். இன்று நம் பிள்ளைகள் நேரே ஏசி அறைக்கு வந்து உட்காருகிறார்கள். ஒரு வருஷமாவது அவர்களைக் கிடங்கில் விடுங்கள். நீங்களும் வாரத்தில் ஒரு நாள் அங்கே நின்று, யாருக்கு என்ன தேவை என்று கேளுங்கள்.

இன்னொன்று, சமூகப் பாதுகாப்பு நிதி. 2012 சட்டப்படி சம்பளத்தில் முதலாளி பங்கு நூற்றுக்கு 3, தொழிலாளி பங்கு 2. நான் எழுதும் சம்பளப் பட்டியலில் உள்ள எல்லாப் பெயரும் அந்தப் பதிவில் இல்லை. அடுத்த கிளைக்குப் பூஜை போடும் முன் இருக்கிற ஆட்களைப் பதிந்துவிடுங்கள்.

அந்தப் பையன் இன்னும் அதே கடையில்தான் மூட்டை தூக்குகிறான். அவன் ஒன்பது நாள் சம்பளத்தைத் திருப்பி எழுத, பேரேட்டில் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை